பெர்செபோலிஸ்: கல் சொன்னதும் களிமண் சொன்னதும்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்கர்கள் பாரசீகத்தைப் பற்றி எழுதாத சங்கதி இல்லை. ஹெரோடோட்டஸ் சூசா அரண்மனையில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது வரை சொல்கிறார். எக்பதானாவின் ஏழு சுற்று மதில்களுக்கும் நிறம் சொல்கிறார். பாபிலோனைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார். ஆனால் அதே காலத்தில் பாரசீகர்களின் தாய்மண்ணில் மலையடிவாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த மாபெரும் கற்கூடங்களைப் பற்றி அவரிடம் ஒரு வரிகூட இல்லை. கி.மு. 330 ஜனவரியில் அலெக்ஸாண்டரின் படை வாசலில் போய் நின்ற பிறகுதான் பெர்செபோலிஸ் கிரேக்கர்களின் எழுத்தில் இடம்பெறுகிறது. அடுத்த நான்கைந்து மாதங்களுக்குள் அது எரிந்துபோனது.

ஆக, வெளியுலகம் இந்த நகரத்தின் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கியது. அதனால் வந்த குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பெர்செபோலிஸ் தலைநகரமா, கருவூலமா, ஆண்டுக்கொரு முறை திருவிழா நடக்கும் அரங்கமா, மக்கள் குடியிருந்த ஊரா? யார் கட்டினார்கள்? ஏன் எரிந்தது? மண்ணிலிருந்து புதிதாக ஏதாவது கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விகளுக்கான விடைகளும் மாறிவந்திருக்கின்றன.

இன்றைய ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஷிராஸுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், மார்வ்தஷ்த் சமவெளியின் ஓரத்தில் ரஹ்மத் மலை இருக்கிறது. அதன் அடிவாரப் பாறையைச் செதுக்கியும், பள்ளங்களை நிரப்பியும், பெருங்கற்களால் சுவரெழுப்பியும் அகாமனிய வம்சத்துப் பாரசீக அரசர் முதலாம் டேரியஸ் ஒரு மேடை அமைத்தார். வேலை கி.மு. 518 வாக்கில் தொடங்கியது. மேடையின் பரப்பு ஏறக்குறைய 31 ஏக்கர். சுவரின் உயரம் சில இடங்களில் 12 மீட்டரைத் தாண்டும். கற்களுக்கிடையே சாந்து கிடையாது. இரும்புப் பட்டைகளை வைத்து ஈயத்தை உருக்கி ஊற்றிப் பிணைத்திருக்கிறார்கள். மேலே ஒரு தூண் நடுவதற்கு முன்பே மலையிலிருந்து இறங்கும் மழைநீர் வடிய மேடைக்கடியில் கால்வாய்கள் வெட்டிவிட்டார்கள். அந்தக் கால்வாய்களின் மொத்த நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். டேரியஸுக்குப் பின் அவர் மகன் செர்க்ஸஸும் பேரன் முதலாம் அர்தசெர்க்ஸஸும் கட்டிக்கொண்டே போனார்கள். கடைசிவரை வேலை ஓயவில்லை. அரைகுறையாக நின்றுபோன ஒரு வாயில் இன்றும் அங்கே இருக்கிறது. கல்லை எந்த வரிசையில் கொத்தி வழவழப்பாக்கினார்கள் என்பதை ஆய்வாளர்கள் கற்றுக்கொண்டது அந்த முடியாத வாயிலிலிருந்துதான்.

இடத்தின் சொந்தப் பெயர் பார்சா. பெர்செபோலிஸ் என்பது கிரேக்கர் வைத்த பெயர்.

மேடைமேல் ஏறும் படிக்கட்டு இரண்டு கிளையாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பக்கமும் 111 படிகள். நீண்ட அங்கி அணிந்தவர்கள் தடுமாறாமல் ஏறும்படி படிகள் மிகவும் தாழ்வானவை. மேலே செர்க்ஸஸின் ‘எல்லா நாட்டினரின் வாயில்’. அதைத் தாண்டினால் அபதானா என்ற பெருங்கூடம். பக்கத்துக்கு 60 மீட்டர் கொண்ட சதுரம். உள்ளேயும் மூன்று பக்கத் தாழ்வாரங்களிலுமாக 72 தூண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். கூரை உத்தரங்கள் தேவதாரு மரம். இன்று நிற்பவை 13 தூண்கள்.

அபதானாவின் வடக்கு, கிழக்குப் படிக்கட்டுகளில் உள்ள புடைப்புச் சிற்பங்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். பேரரசின் 23 நாட்டுக் குழுக்கள் அரசனுக்குக் காணிக்கை கொண்டுவருகின்றன. ஒவ்வொரு குழுவின் தலைவரையும் அரண்மனை அலுவலர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போகிறார். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே சைப்ரஸ் மரம். பாக்திரியர் இரட்டைத் திமில் ஒட்டகம் கொண்டுவருகிறார்கள். கடைசியில் வரும் எத்தியோப்பியர் கையில் யானைத் தந்தம். இந்தியக் குழுவின் தலைவர் துணியைத் தோளில் போர்த்திச் செருப்பணிந்து வருகிறார். பின்னால் இடுப்புத் துணி மட்டும் உடுத்த ஒருவர் தோளில் காவடித் தண்டு; இருபுறமும் தொங்கும் தட்டுகளில் சிறு சிறு பைகள். அவற்றில் பொற்றூள் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. இந்தியர்கள் டேரியஸுக்கு 360 தாலந்து பொற்றூள் செலுத்தியதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதோடு இது பொருந்துகிறது.

இந்தச் சிற்பங்களில் போர் இல்லை. கட்டுண்ட கைதி இல்லை. அசீரிய அரண்மனைச் சுவர்களில் கோட்டை எரிவதையும் தலைகள் குவிவதையும் பார்த்தவர்களுக்கு இந்த அமைதி வியப்பூட்டும். ‘பாரசீக அரசியல் ஞானத்தின் கல் உருவம்’ என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. புகழ்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. அகாமனிய அரசர்கள் தங்கள் ஆட்சி எப்படித் தோன்ற வேண்டும் என்று விரும்பினார்களோ அதையே கல் காட்டுகிறது. அதே டேரியஸ் பிசுதூன் மலைப்பாறையில் தன் எதிரிகளைக் கழுத்தில் கயிறு பூட்டி வரிசையாக நிறுத்திச் செதுக்க வைத்தவர்தான்.

புத்தாண்டான நவ்ரோஸ் அன்று எல்லா நாட்டாரும் இங்கே கூடிக் காணிக்கை கொடுத்தார்கள், சிற்பங்கள் அதையே சித்திரிக்கின்றன என்ற விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருந்தாலும் பெர்செபோலிஸில் கிடைத்த எந்தக் கல்வெட்டும் நவ்ரோஸ் என்று சொல்லவில்லை. தெற்கு மதிலில் டேரியஸ் பொறித்த கல்வெட்டுகளில் ஒன்று, பகைப்படை, பஞ்சம், பொய் ஆகிய மூன்றிலிருந்தும் நாட்டைக் காக்கும்படி அகுர மஸ்தா என்ற கடவுளை வேண்டுகிறது. இன்னொன்று, இந்த இடத்தில் இதற்கு முன் எதுவும் கட்டப்பட்டதில்லை என்கிறது. திருவிழாவைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை.

நிலைமையை மாற்றியது 1933-ஆம் ஆண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்காக எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தலைமையில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டில் அபதானாவின் மூலைகளில் கற்பெட்டிக்குள் வைத்து மூடிய பொன், வெள்ளிப் பட்டயங்கள் கிடைத்தன. சோக்தியாவுக்கு அப்பாலுள்ள சகர் நாட்டிலிருந்து கூஷ் வரை, சிந்துவிலிருந்து சார்திஸ் வரை தன் ஆட்சி பரந்திருப்பதாக டேரியஸ் அவற்றில் அறிவித்திருந்தார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் வரலாற்றுக்குப் பொன்னைவிட அதிகம் உதவியது, அதே ஆண்டில் மேடையின் வடகிழக்கு மூலைக் கொத்தளத்தின் சிற்றறைகளில் கிடைத்த களிமண்தான்.

உடைந்ததும் முழுதுமாகப் பல்லாயிரம் ஏடுகள். பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும். முடிச்சிட்ட நூலைச் சுற்றி ஈரமண்ணைப் பிடித்து, ஒருபுறம் ஆப்பு வடிவ எழுத்தில் கணக்கை எழுதி, மறுபுறம் உருளை முத்திரையை உருட்டியிருக்கிறார்கள். நூல் எப்போதோ மக்கிவிட்டது. மூலைகளில் அது நுழைந்த துளை மட்டும் மிச்சம். மொழி பெரும்பாலும் ஈலாமியம். சில நூறு ஏடுகள் அரமேயம். கிரேக்கத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் ஒயின் கணக்கு. காலம் கி.மு. 509 முதல் 493 வரை, டேரியஸின் ஆட்சிக்குள் பதினாறு ஆண்டுகள். ரிச்சர்ட் ஹாலோக் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றோடு கழித்து 1969-ல் 2,087 ஏடுகளின் வாசகத்தை வெளியிட்டார். அகாமனிய வரலாற்றாய்வில் அதற்கு முன், அதற்குப் பின் என்று கோடு கிழித்துவிடலாம். அதுவரை கிரேக்கர் சொன்னதைக் கொண்டே எழுதப்பட்ட ஒரு பேரரசுக்கு முதன்முறையாக அதன் சொந்தக் கணக்கு கைக்கு வந்தது.

இவற்றில் போர் இல்லை, அரச வம்சக் கதை இல்லை. யாருக்கு எத்தனை பார்லி, எத்தனை ஒயின், எத்தனை ஆடு அளந்தது, யார் உத்தரவு, யார் கையிருப்பிலிருந்து, எந்த மாதம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் ஓர் உலகமே இருக்கிறது. நிர்வாகத்தின் தலைமையில் பர்னாக்கா என்பவர். அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆடு, ஏறக்குறைய 90 லிட்டர் ஒயின், 180 லிட்டர் மாவு. ஒரு மனிதர் உண்டு தீர்க்கும் அளவல்ல இது. அவரைச் சார்ந்த பெரும் பரிவாரத்துக்கானது. அதே பர்னாக்கா எழுதிய ஓர் உத்தரவில், அரசர் டேரியஸின் கட்டளைப்படி இர்தஷ்துனா என்ற அரச குலப் பெண்ணுக்கு 100 ஆடுகள் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஹெரோடோட்டஸ் ஆர்திஸ்தோனே என்று குறிப்பிடும், பேரரசை நிறுவிய சைரஸின் மகளும் டேரியஸின் மனைவியுமானவர் இவரே. கிரேக்கர் எழுத்தில் அரண்மனைப் பெண்கள் திரைமறைவில் சூழ்ச்சி செய்பவர்கள். ஏடுகளிலோ அவர்கள் பண்ணைகளும் ஆட்களும் சொந்த முத்திரையும் உடையவர்கள், ஊர் ஊராகப் பயணம் செய்பவர்கள்.

அரச சாலைகளில் போனவர்களுக்கு வழிச்சோறு அளந்த கணக்கும் ஏராளம். சார்திஸுக்குப் போனவர், காந்தாரத்திலிருந்து வந்தவர், இந்தியாவிலிருந்து சூசாவுக்கு அரசரைப் பார்க்கச் சென்ற குழு என்று எல்லோரும் முத்திரையிட்ட அனுமதிச் சீட்டைக் காட்டி மாவு வாங்கியிருக்கிறார்கள். தெய்வங்களுக்கும் படியளப்பு உண்டு. கல்வெட்டுகளில் அகுர மஸ்தாவின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. களிமண்ணில் பழைய ஈலாமியக் கடவுளான ஹும்பனுக்கு அவரைவிட அதிகத் தானியம் போகிறது. அரசு மதம் என்று ஒன்றே ஒன்று இருந்தது என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப்போகிறது. முத்திரைகளில் ஒன்று தெய்ஸ்பெஸின் மகனான அன்ஷான் சைரஸ் என்பவருடையது. டேரியஸுக்குப் பல தலைமுறை முந்திய அந்த முத்திரையைப் பத்திரமாகக் காத்து, அரச பந்திக்கான கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். ஏடுகள் அவர்களைக் குர்தாஷ் என்று அழைக்கின்றன. எகிப்தியர், பாபிலோனியர், லிதியர், அயோனியக் கிரேக்கர், கப்பதோக்கியர், திரேசியர், லிசியர், பாக்திரியர் எனப் பல நாட்டார். ஆணுக்கு மாதம் வழக்கமாக ஏறக்குறைய 30 லிட்டர் பார்லி, பெண்ணுக்குப் பெரும்பாலும் 20, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப. பெண்கள் குழுக்களை மேற்பார்த்த பெண்களுக்குச் சாதாரண ஆண் தொழிலாளியைவிடக் கூடுதல் படி. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தனிப் படி. ஆண் குழந்தையானால் பெண் குழந்தைக்குக் கொடுப்பதைப்போல இரு மடங்கு.

இந்தக் கணக்குகளைக் காட்டி, பெர்செபோலிஸை அடிமைகள் கட்டவில்லை, கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளர்களே கட்டினார்கள், பேறுகால விடுப்புகூட இருந்தது என்று இன்று பரவலாகப் பேசுகிறார்கள். பேரரசின் மீது அன்புள்ளவர்கள் அப்படி நினைக்க விரும்புவது இயல்பே. ஏடுகளோ அவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை. பேறுகாலத்தில் அளந்தது கூடுதல் உணவு. விடுப்பு என்று எங்குமில்லை. நூற்றுக்கணக்கில் குழுவாக ஓரூரிலிருந்து இன்னோரூருக்கு மாற்றப்பட்டவர்கள் தம் விருப்பப்படி போனார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. கைத்திறன் மிக்க கொத்தர்களும், குறிப்பிட்ட காலத்துக்குக் கடமைவேலை செய்தவர்களும், தாய்நாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களும் ஒரே பெயருக்குள் கலந்திருந்தார்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரும் வந்து நிற்கும் இடம். அடிமை என்றோ சுதந்திரர் என்றோ ஒரே சொல்லில் அடைக்க முடியாது. மாதம் 20 லிட்டர் பார்லியில் ஒரு பெண் வேலையும் செய்து பிள்ளையும் வளர்த்தாள் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

எரிப்புக்கு வருவோம். அலெக்ஸாண்டர் நகரத்தைப் படைவீரர்களின் கொள்ளைக்கு விட்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் தியோதோரஸ். கருவூலத்தில் இருந்தது 120,000 தாலந்து மதிப்புள்ள செல்வம் என்பது அவர் கணக்கு. அதைச் சுமக்க 10,000 சோடிக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டதாகப் புளூடார்க் சொல்கிறார். பிறகு வசந்தத்தில் அரண்மனைக்குத் தீ. தியோதோரஸ், குர்தியஸ், புளூடார்க் மூவரும் விருந்தைக் காரணம் காட்டுகிறார்கள். குடிவெறியில் இருந்த கூட்டத்தில், ஏதென்ஸைச் சேர்ந்த தாயிஸ் என்ற கணிகை, கி.மு. 480-ல் செர்க்ஸஸ் தன் ஊரை எரித்ததற்குப் பழிவாங்கத் தூண்டினாளாம். அரசரே முதல் தீப்பந்தத்தை எறிந்தாராம். அரியன் கதையில் விருந்தும் இல்லை, தாயிஸும் இல்லை. முதுபெரும் தளபதி பார்மேனியோன், இனி உன் உடைமையாகிவிட்டதை நீயே எரிக்காதே என்று தடுக்கிறார். அலெக்ஸாண்டர் பழிவாங்கலே காரணம் என்று சொல்லித் திட்டமிட்டே எரிக்கிறார். நால்வருமே சம்பவத்துக்குச் சில நூறு ஆண்டுகள் பின்னால் எழுதியவர்கள்.

மண் என்ன சொல்கிறது? எரிச்சாம்பல் எல்லாக் கட்டடங்களிலும் ஒரே அளவில் இல்லை. அபதானா, நூறு தூண் மண்டபம், கருவூலம் ஆகியவற்றில் தீ மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. 1930-களின் பிற்பகுதியில் கருவூலத்தைத் தோண்டிய எரிக் ஷ்மிட்டுக்குப் பொன் வெள்ளிப் பாத்திரங்கள் ஏறக்குறைய எதுவுமே கிடைக்கவில்லை. உடைத்தெறிந்த கற்பாத்திரங்கள் குவியலாகக் கிடந்தன. அதாவது, விலையுள்ளதையெல்லாம் வெளியேற்றி முடித்த பிறகே தீ வைத்திருக்கிறார்கள். திடீர் வெறியில் பற்றிய தீ என்ற கதைக்கு இது ஒத்துவரவில்லை; அரியன் சொல்வதே அகழாய்வுக்கு அருகில் நிற்கிறது. விருந்து நடக்கவே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. திட்டமிட்ட அழிப்பை விருந்தோடு தொடங்குவதும் நடக்கக்கூடியதே. கருவூலத்தில் இருந்த இன்னொரு தொகுதி களிமண் ஏடுகள் அந்தத் தீயில் வெந்து இறுகியதாலேயே பிழைத்தன. படியில் ஒரு பகுதிக்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு வெள்ளி கொடுத்த கணக்குகள் அவை. கி.மு. 492 முதல் 458 வரையிலான அந்த ஆண்டுகளில் ஓர் ஆட்டின் மதிப்பு மூன்று ஷெக்கல் வெள்ளி.

எரிந்த பிறகும் மக்கள் அந்த இடத்தை விட்டுவிடவில்லை. கி.பி. 311-ல் சாசானிய இளவரசர் ஒருவர் வழியில் இங்கே தங்கி உண்டு, முன்னோருக்கு வேண்டுதல் செய்ததைக் கல்லில் எழுதினார்; இடத்தின் பெயர் அவருக்கு ‘நூறு தூண்’. 955-ல் புவைஹித் அரசர் அளுத் அல்-தவ்லா தன் வருகையை அரபியில் பொறித்தார். கட்டியவர்களின் பெயர் மறந்துபோனதால், புராண அரசன் ஜம்ஷீதின் சிம்மாசனம் என்ற பொருளில் தக்தே ஜம்ஷீத் என்று அழைத்தார்கள். இதுதான் கிரேக்க நூல்களில் வரும் பெர்செபோலிஸ் என்று 1618-ல் அடையாளம் கண்டவர் ஸ்பானியத் தூதர் கார்சியா தெ சில்வா ஃபிகரோவா. 1765-ல் கார்ஸ்டன் நீபூர் கல்வெட்டுகளைப் பிழையில்லாமல் படியெடுத்தார். அந்தப் படிகளை வைத்தே 1802-ல் கிரோடெஃபெண்ட் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஆப்பு எழுத்தின் முதல் பூட்டைத் திறந்தார். ‘இன்னார், அரசர், இன்னாரின் மகன்’ என்ற வாய்பாடு கல்வெட்டில் இருக்கும் என்று ஊகித்து, தகப்பன் அரசனாக இல்லாமல் மகன் அரசனான குடும்பத்தைத் தேடினார். ஹிஸ்தாஸ்பெஸ், அவர் மகன் டேரியஸ், அவர் மகன் செர்க்ஸஸ் என்ற வரிசை கச்சிதமாகப் பொருந்தியது. மெசபடோமிய நாகரிகங்களின் எழுத்தைப் படிக்கும் வழி பெர்செபோலிஸ் சுவரிலிருந்துதான் தொடங்கியது.

களிமண் ஏடுகளுக்கு நம் காலத்தில் வேறொரு சோதனை வந்தது. 1930-களில் ஈரான் அவற்றை ஆய்வுக்காக இரவலாகச் சிகாகோவுக்கு அனுப்பியிருந்தது. 1997-ல் ஜெருசலேமில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் காயமுற்ற அமெரிக்கர்கள், ஈரான் அரசுக்கு அதில் பங்குண்டு என்று வழக்காடித் தீர்ப்புப் பெற்று, இழப்பீட்டுக்காக இந்த ஏடுகளைக் கைப்பற்ற முயன்றார்கள். அவர்கள் பட்ட துன்பம் உண்மையானது. ஆனால் ஏலத்தில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் ஒன்றோடொன்று கோத்துப் படிக்க வேண்டிய ஓர் ஆவணக் காப்பகமே இல்லாமல் போயிருக்கும். அந்த அச்சத்திலேயே சிகாகோ ஆய்வாளர்கள் மாத்யூ ஸ்டோல்பர் தலைமையில் ஏடுகளை ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் பணியை முடுக்கினார்கள். 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் பறிமுதலுக்கு இடமில்லை என்றது. 2019-ல் 1,783 ஏடுகளும் 2023-ல் 3,506 ஏடுகளும் ஈரானுக்குத் திரும்பின.

மேடைக்குக் கீழே ஊர் இருந்ததா என்ற கேள்வி இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது. தனியார் வீடுகளிலும் செல்வம் நிறைந்திருந்ததாகத் தியோதோரஸ் சொன்னதை மிகை என்று ஒதுக்கியவர்கள் அதிகம். ஆனால் 2008-லிருந்து ஈரானிய-இத்தாலியக் குழு சமவெளியை ஆராய்ந்துவருகிறது. மேடைக்கு மேற்கே சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தோலே ஆஜுரி என்ற மேட்டில், ஏறக்குறைய 40 மீட்டருக்கு 30 மீட்டர் அளவில் ஒரு செங்கல் வாயில் வெளிப்பட்டது. மெருகிட்ட வண்ணச் செங்கற்கள். அவற்றில் பாபிலோனின் இஷ்தார் வாயிலில் உள்ளதைப் போன்ற காளைகளும் நாக உருவ விலங்குகளும். பாபிலோனைச் சைரஸ் வென்றது கி.மு. 539-ல். வாயில் அவர் காலத்தது அல்லது அவர் மகன் கம்பைசஸ் காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். தான் கட்டிய இடத்தில் முன்பு எதுவுமில்லை என்று டேரியஸ் சொன்னது மேடைக்கு மட்டுமே பொருந்தும். அதைச் சுற்றிய சமவெளியில் அவருக்கு முன்பே அரச கட்டடங்கள் எழுந்திருந்தன. அரண்மனை, தோட்டம், வயல், தொழிலாளர் குடியிருப்பு, பண்டகசாலை எல்லாம் இடைவெளிவிட்டுப் பரந்துகிடந்த ஊர் பார்சா என்ற எண்ணம் இப்போது வலுப்பெற்றுவருகிறது. ஏடுகளில் வரும் ஆள்நடமாட்டத்துக்கும் அதுவே பொருந்துகிறது.

அந்த ஊரின் பெரும்பகுதி இன்னும் வயல்களுக்கு அடியில்தான் இருக்கிறது. மார்வ்தஷ்த் விவசாயிகள் பல பத்தாண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளை நம்பியே பயிர் செய்கிறார்கள். நிலத்தடி நீர் கீழே போகப் போக நிலமும் தாழ்கிறது. ஆறு கிலோமீட்டர் தொலைவில் டேரியஸின் கல்லறை உள்ள நக்ஷே ரோஸ்தம் பகுதியில் தரை வெடித்திருப்பதை ஈரானிய வல்லுநர்கள் எச்சரிக்கையோடு பதிவுசெய்திருக்கிறார்கள். 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் மேடைக்குக் காவல் உண்டு. தோண்டாத ஊருக்கு முதலில் வேண்டியது, சமவெளியில் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பும், அந்த வரம்புக்குள் விவசாயி பிழைக்க ஒரு வழியும்தான்.